ஐந்து பக்கத்தில் இருந்த தடயம்

மைசூரு மானசகங்கோத்ரி வளாகத்தில் உட்கார்ந்து, ஹேல்ஸ், லூத்தர், பாஸ்ஸி மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். லூத்தரும் பாஸ்ஸியும் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். பொருள், முழு எண் குல வளையங்களில் ஜோர்டான் பிரிப்பு.

இந்தப் பிரிப்பின்படி எந்தச் சதுர அணியையும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாகம் மூலைவிட்ட வடிவுக்கு வரும்; மற்றது தன்னைத்தானே பெருக்கப் பெருக்கப் பூச்சியமாகிவிடும். இரண்டையும் எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே. பிரிக்கும் வழியும் ஒன்றே ஒன்றுதான். முழு எண் அணியைப் பிரித்தால் பாகங்களும் முழு எண்ணாகவே இருக்குமா? (0, 1, 0), (0, 0, 1), (0, 0, 2) என்ற நிரைகளைக் கொண்ட அணியைப் பிரித்துப் பாருங்கள். முதல் பாகத்தின் முதல் நிரை (0, 0, ½). அரை வந்துவிட்டது!

குலத்தின் உறுப்புகளை முழு எண்களால் பெருக்கிக் கூட்டிக் கிடைக்கும் வளையத்திலும் இதே கேள்வி எழுகிறது. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஜோர்டானுக்கு முன்னால் வேறொன்று நின்றது: இணை உறுப்புகளை ஒரே வகுப்பாகச் சேர்த்து, வகுப்புவாரியாகக் குணகங்களைக் கூட்டும் கணக்கு. அதற்கு இங்கே என்ன வேலை?

தடம் பக்கத்திலேயே, பெங்களூருவில் முடிந்தது. சி. வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில், 1989இல் லூத்தரும் பாஸ்ஸியும் எழுதிய ஐந்தே பக்கக் கட்டுரை. 60 உறுப்புகள் கொண்ட A5 குலத்துக்கு, குல வளையத்தில் நேர்மாறு உள்ள உறுப்புகளைப் பற்றிய ஸாசென்ஹாஸ் ஊகம் சரி என்று அதில் நிறுவியிருக்கிறார்கள். ஆயுதம் அதே வகுப்புக் கூட்டல்தான். இன்று உலகெங்கும் இவர்கள் பெயரால் வழங்கும் முறை அது.

அதைப் படித்ததும் முடிச்சு அவிழ்ந்தது. பெருக்கப் பெருக்கப் பூச்சியமாகும் பாகத்துக்கு எந்த அணி உருவிலும் மூலைவிட்டக் கூட்டுத்தொகை பூச்சியம். ஆகவே அதன் வகுப்புக் கூட்டல்கள் எல்லாமே பூச்சியம். மற்ற பாகத்தின் தனித்தனிக் குணகங்கள் பின்னமாகச் சிதறினாலும், வகுப்புவாரியாகக் கூட்டினால் மூல உறுப்பின் முழு எண்களே திரும்பக் கிடைக்கும். பின்னத்துக்கு இப்படியொரு கடிவாளம் இருப்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

பாகங்களும் முழு எண்ணாகவே அமையும் குலங்களின் பட்டியலைத் தொடர்ந்த ஆய்வுகள் முடித்தன. பரிமாற்றுக் குலங்களில் சிக்கலே இல்லை. சமபக்க முக்கோணத்தின் 6 சமச்சீர்கள் கொண்ட குலம் தேறும். சதுரத்தின் 8 சமச்சீர்கள் கொண்டது தேறாது. கூட்டலுக்குப் பதில் பெருக்கலாகப் பிரிப்பது இன்னும் கடினம். பரிமாற்று அல்லாத 3-குலங்களில் தேறுபவை 27 உறுப்புகள் கொண்ட இரண்டே குலங்கள் என்று லியூவும் பாஸ்மனும் 2014இல் காட்டினார்கள்.