மூக்கின் அந்தஸ்து

கோகோல் எழுதிய 'மூக்கு' என்ற ருஷ்யக் கதையைக் கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் படித்தேன். பீட்டர்ஸ்பர்க் நகரத்து உத்தியோகஸ்தன் ஒருவனுடைய மூக்கு காணாமற் போகிறது. நாவிதன் வீட்டு ரொட்டிக்குள் அகப்படுகிறது. பிறகு உடுப்பும் வாளும் தரித்து, வண்டியேறி ஊர் சுற்றுகிறது! தனியே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சட்டம் இருந்தது என்பது, பல வருஷங்கள் கழித்து ருஷ்ய சரித்திரத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

1722-இல் மகா பீட்டர் சக்கரவர்த்தி ஒரு பதவி அட்டவணை வெளியிட்டார். படை, சிவில், அரண்மனை ஆகிய மூன்று வகை உத்தியோகங்களுக்கும் 14 படிகள். முதற்படிதான் உச்சி. நோக்கம் என்னவோ நல்லதுதான்: குலத்தைப் பாராமல் ஊழியத்தைப் பார்க்க வேண்டும். எளிய வீட்டுப் பிள்ளையானாலும் எட்டாம் படியைத் தொட்டுவிட்டால் பரம்பரைப் பிரபு. 1845 வரையில் இந்தச் சலுகை நீடித்தது.

ஆனால் படிகள் என்று ஏற்பட்டால், மேலே பார்த்துப் பெருமூச்சும் கீழே பார்த்துச் செருக்கும் கூடவே வருமல்லவா? அட்டவணையே அதற்கு வழி செய்துவிட்டது. பொது வைபவத்திலோ தேவாலயத்திலோ தன் படிக்கு மிஞ்சிய இடத்தைப் பிடித்தால் இரண்டு மாதச் சம்பளம் அபராதம். சரி, நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். தன்னிலும் கீழ்ப்பட்டவனுக்கு இடத்தை விட்டுக்கொடுத்தாலும் அதே அபராதம்! காட்டிக் கொடுத்தவனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, மீதி ஆஸ்பத்திரிக்கு. பெருந்தன்மைக்கே அபராதம் போட்ட சட்டம் இது.

இனிக் கதைக்கு வருவோம். மூக்கைத் தொலைத்த கோவல்யோவ் எட்டாம் படிக்காரன். சிவில் உத்தியோகந்தான்; ஆனாலும் கௌரவமாக இருக்கட்டும் என்று தன்னை 'மேஜர்' என்று சொல்லிக்கொள்பவன். அப்பேர்ப்பட்டவன் காஸான் தேவாலயத்தில் தன் மூக்கைக் கண்டுபிடித்துவிடுகிறான். எட்டிப் பிடித்து இழுத்துவர வேண்டியதுதானே? முடியவில்லை. சரிகை உடுப்பும் இறகுத் தொப்பியும் அது ஐந்தாம் படி என்கின்றன. கிட்டே போய்க் கனைக்கிறான், தயங்குகிறான், குழைகிறான். மூக்கோ அவனுடைய பொத்தான்களை ஒரு பார்வை பார்த்து, நமது இலாகாக்களே வேறு என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறது. மூக்கு மனிதனாகிவிட்டதில் அவனுக்குத் திகைப்பு உண்டு. ஆனால் அவன் கையைக் கட்டிப் போட்டது திகைப்பல்ல, உடுப்பு.

கோகோலுக்கு இது கேள்வி ஞானமல்ல. அதே நகரத்தில் சின்னக் குமாஸ்தாவாக இருந்து பார்த்தவர். மாஸ்கோப் பத்திரிகை ஒன்று வேண்டாமென்று தள்ளிய கதையை, 1836-இல் புஷ்கின் தமது பத்திரிகையில் வெளியிட்டார். தணிக்கைக்கு அஞ்சித் தேவாலயக் காட்சியைக் கடைவீதிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு நாள் காலையில் மூக்கு தானாகவே முகத்துக்குத் திரும்பிவிடுகிறது. பட்டபாட்டில் மனிதனுக்குப் புத்தி வந்திருக்கும் என்கிறீர்களா? கடையில் நின்று விருதுப் பதக்கத்துக்கான நாடா வாங்குகிறான். அவனுக்கு எந்த விருதும் கிடையாது!

மானம் போவதை மூக்கறுபடுவது என்று நாம் சொல்கிறோம். கோவல்யோவுக்கு மூக்கே போயும் செருக்கு அறுபடவில்லை. பீட்டரின் அட்டவணை 1917-இல் ஒழிந்தது. இப்போது அந்தக் கதையைப் படித்தால் எனக்கு முன்போல் சிரிப்பு வருவதில்லை. கூட்டங்களுக்குப் போனால் என் நாற்காலி எந்த வரிசையில் என்று கடைக்கண்ணால் பார்க்கிறவன்தானே நானும்!