விகுதியில் இருக்கும் ஊர்



தமிழில் ‘ன்’ ஒருவனைக் குறிக்கும். ‘ர்’ பலரையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். இதைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். அரசின் சாதிப் பட்டியல்களை எடுத்து வைத்துப் பாருங்கள். அட்டவணைச் சாதிகளில் பறையன், பள்ளன், சக்கிலியன், கடையன், வள்ளுவன். மற்ற பட்டியல்களில் நாடார், மறவர், கொங்கு வேளாளர். பட்டியல் அச்சானது ஆங்கிலத்தில்தான்; அதை எழுதக் கேட்ட காது தமிழ்க் காது.

இந்தப் பெயர்களோடு நம் முன்னோர் நடத்திய சண்டை பழையது. அயோத்திதாசர் சாதியற்ற திராவிடர் என்றார். இரட்டைமலை சீனிவாசன் எதிர்த் திசையில் போனார். வசவாக எறியப்பட்ட சொல்லையே எடுத்து 1893இல் ‘பறையன்’ என்று இதழுக்குப் பெயர் வைத்தார். ‘ன்’ விகுதி அங்கே தலை நிமிர்ந்து நின்றது. ஆகவே, சொல்லை மாற்றினால் போதும் என்பவர்களும் சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களும் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பேன்.

1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பவை நீங்கி, ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. பெரிய வெற்றி.

அந்தப் பெயர் நம் மாவட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தடைக்கு உள்ளானவர்களை அந்தப் பதிவு ‘ஆதிதிராவிடர்’ என்றே குறிக்கிறது. ‘ர்’ வந்துவிட்டது. செருப்பு வரவில்லை.

இங்கே ஆங்கிலம் படித்த நண்பர்கள், நாகரிகச் சொல் தேடுவதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி என்கிறார்கள். அறுபது வயதுக்காரரை அரைக்கால் சட்டைப் பையன் பெயர் சொல்லி “வாடா” என்று கூப்பிட, அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு “வாரேஞ் சாமி” என்று சொன்ன ஊர்களில் இது இறக்குமதிச் சரக்கு அல்ல.

மரியாதைச் சொல்லின் விலை என்ன என்பதை 1997 காட்டியது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் தளபதி, நம்மவர். விருதுநகர் 1985 வரை நம் இராமநாதபுரம் மாவட்டம்தான். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். சக்கரமும் இருக்கையும் கட்டணமும் அதேதான். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. ஒரு தலித் வீரனின் பெயரைச் சகிப்பதைவிட எல்லாப் பெயரையும் துடைப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் அட்டவணைப் பட்டியலில் ஓர் எழுத்தைத் திருத்தவும் நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் திட்டினால் வன்கொடுமைச் சட்டப்படி குற்றம். அதே சொல் அதே விகுதியோடு பிள்ளையின் சாதிச் சான்றிதழில் முத்திரையோடு வருகிறது.

2021 சட்டம் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரு பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அவற்றில் கடையனும் ஒன்று. அதற்கு மட்டும் ஒரு விலக்கு: சில மாவட்டங்களின் கடற்கரைப் பகுதிகள் நீங்கலாக. அவற்றில் இராமநாதபுரமும் உண்டு. சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்புக்குக் கொடுத்தவர்கள், முத்துக் குளித்தவர்கள் என்று தர்ஸ்டன் எழுதிய அந்த மக்கள், நம் கரையில் இன்னும் ‘கடையன்’தான்.