காவிரியின் கிழக்குக் கரையில் ஒரு நகராட்சி

பெருநகரை ஒட்டிச் செல்வத்தோடு வளர்ந்த குடியிருப்புகளைத் தாய் நகரம் தன்னோடு சேர்த்துக்கொள்வதே தமிழ்நாட்டின் வழக்கம். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1920-களில், மாம்பலம் ஏரிப் பரப்பில் எழுந்த தியாகராய நகர் சென்னை மாநகராட்சியின் பகுதியாகவே வளர்ந்தது. பனகல் பூங்கா, உஸ்மான் சாலை என்று தலைவர்களின் பெயர்கள் அங்கே நிலைத்தன. அந்தப் பகுதிக்கென ஒரு நகர்மன்றம் அமையவில்லை. நமக்கு அருகில், 2008-இல் மாநகராட்சியான ஈரோடு, 2011-இல் வீரப்பன்சத்திரம், பெரியசேமூர், காசிபாளையம், சூரம்பட்டி என்ற நான்கு நகராட்சிகளைத் தன்னுள் இணைத்துக்கொண்டது.

நம் ஊரான குமாரபாளையத்துக்கு அந்த நிலை வராமல் காத்தது காவிரி. பாலத்தைக் கடந்தால் பவானி. கடைவீதியும் திருமண உறவும் நூல் வியாபாரமும் இரு கரைக்கும் பொது. ஆனால் நிர்வாகக் கணக்கில் ஆறுதான் எல்லை. அன்று சேலம், கோவை மாவட்டங்களைப் பிரித்த ஆறு, 1979-இல் ஈரோடு தனி மாவட்டமாகி, 1997 ஜனவரி முதல் நாள் நாமக்கல்லும் பிரிந்த பிறகு, இவ்விரு புது மாவட்டங்களுக்கும் வேலியானது. திருச்செங்கோட்டு வட்டத்திலிருந்த நம் ஊர் பின்னர் தனி வட்டத்தின் தலைமையிடமும் ஆயிற்று. 2011 கணக்கெடுப்பில் 71,594 பேர். மன்றத்தில் 33 வார்டுகள்.

இந்த ஊரின் செல்வத்தைத் தேடி மாளிகைத் தெருவுக்குப் போகவேண்டியதில்லை. முன்கட்டில் குடும்பம், பின்கட்டில் நான்கு விசைத்தறிகள். ஒருவர் தார் சுற்ற, இன்னொருவர் அறுந்த பாவு இழையை முடிச்சிட்டுத் தறியை மறுபடி ஓடவிடுவார். லுங்கியும் துண்டும் இப்படித்தான் வெளியூர்ச் சந்தைக்குப் போகின்றன. கூலிக்கு நெய்பவரும், நூல் கொடுத்துத் துணி வாங்கும் முதலாளியும் ஒரே தெருவில் இருப்பதால், சாக்கடை அடைத்தால் அது இருவர் வாசலிலும்தான் நிற்கும். நகராட்சி என்பதன் பொருளை இந்தத் தெருக்களில் பார்த்த அளவு நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920-இல் வந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் 2016-இல் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்களின் ஆட்சி. 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணையின் உபரிநீர் கரையோர வீடுகளுக்குள் புகுந்தபோது, அம்மக்கள் உரிமையோடு கதவைத் தட்டுவதற்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. இதைச் சிறிய குறையாக என்னால் கருத இயலாது. 2022 ஆகஸ்டில் அணையிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்து, இந்திரா நகரும் கலைமகள் வீதியும் தத்தளித்தபோதோ, மன்றம் இருந்தது.

வெள்ளம் ஆண்டில் சில நாள் வரும். சாயத்தண்ணீர் அன்றாடம் வருகிறது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சாயப்பட்டறை போன்ற ஆலைகள் புதிதாக அமையக் கூடாது என்று 1989-இல் அரசாணை வந்தது. 1998-இல் அந்தத் தூரம் ஐந்து கிலோமீட்டரானது. கரையிலேயே அமைந்த ஊருக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ ஊர் முழுவதும். அனுமதியற்ற பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடிக்கிறது, மின்னிணைப்பைத் துண்டிக்கிறது. சில மாதங்களில் வேறொரு சந்தில் சாயம் காய்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. சாயநீர் ஓடும் சாக்கடை நகராட்சியுடையது, தண்டிக்கும் அதிகாரம் வாரியத்துடையது, குடிக்கும் நீரோ அதே காவிரியுடையது.

நம் மன்றத்தைக் காத்த எல்லைக்கோடே இங்கே தடையாகவும் நிற்கிறது. அரசியல் சட்டத்தின் 243 இசட்-டி பிரிவு மாவட்டந்தோறும் ஒரு திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. காவிரியின் இக்கரை நாமக்கல் குழுவிடமும் அக்கரை ஈரோட்டுக் குழுவிடமும் போய்விடுகின்றன. பவானிக் கூடுதுறையில் ஆடிப்பெருக்கன்று நீராடுபவர் எவரும் நாமக்கல் நீர், ஈரோட்டு நீர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. குமாரபாளையம், பவானி ஆகிய இரு நகர்மன்றங்களும் கழிவுநீருக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் மட்டுமாவது கூட்டாக அமர்ந்து தீர்மானம் போடவேண்டும். அதற்கு மாவட்ட எல்லையை மாற்ற வேண்டியதில்லை, இரு தலைவர்களும் ஒரு மேசைக்கு வந்தால் தொடங்கிவிடலாம்.