மடலும் வசியமும்: மட்டக்களப்புக் காதற் பாடல்களை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்புக்குச் செல்பவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்னும் பேச்சு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்ததொன்று. அப்பிரதேசப் பெண்கள் மருந்தாலும் மந்திரத்தாலும் வெளியூர் ஆடவரை வசியம் செய்வர், அகப்பட்டவன் ஊர்திரும்பான் என்பது அதன் பொருள். இதனைப் பிரதேச இழிவுரையென்று கண்டிப்பது நியாயமே. ஆயினும், ஒருவர்மீது மற்றொருவர் கொள்ளும் அடங்காப் பற்றுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு அப்பேச்சில் ஒரு விடை இருக்கின்றது. தமிழிலக்கியத்தின் பழைய விடையோடு அதனை ஒப்புநோக்க விரும்புகின்றோம்.

பழைய விடை மடல். விரும்பிய பெண்ணை அடையப்பெறாதவன் பனைமடலாற் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூச் சூடி, அவளுடைய ஊர்த் தெருவில் வலம்வருவான். தன் உடலை வருத்துவதுபோல் அமைந்த இச்செயலின் கூர்முனை உண்மையில் அவளை நோக்கியது. ஊரறிய அவள் பெயர் கெடும் என்பதே அவன் கையிலிருந்த ஆயுதம். தொல்காப்பியம் மடலேறுதலைப் பெருந்திணையில் ஒதுக்கியது. ஏறுவேன் என்று சொல்வதை மட்டும் அன்பின் ஐந்திணைக்குள் அனுமதித்தது. செயல் இழிந்தது, மிரட்டல் ஏற்புடையது என்னும் இப்பாகுபாட்டை உரையாசிரியர்களும் விளக்கிச் சென்றனரேயன்றி வினவியதாகத் தெரியவில்லை.

கலித்தொகையின் நெய்தற்கலியில் வரும் மடற்பாட்டு ஒன்று இவ்வகையில் நம்மை நிறுத்திச் சிந்திக்கவைப்பது. மடலூர்ந்து தெருவிற் பாடியவனுக்குச் சுற்றத்தார் பெண்ணைக் கொடுத்துவிடுகின்றனர். எப்படிக் கொடுத்தனர்? பாண்டியனுக்கு அவன் பகைவர் திறை கொடுத்ததுபோல என்கின்றது பாட்டு. உவமை தற்செயலானதன்று. பெண் போரில் இழக்கப்படும் பொருளாகின்றாள். அவள் விரும்பினாளா என்பது அங்கே கேட்கப்படவேயில்லை. இப்பாட்டைக் காதலின் வெற்றியெனப் பாராட்டி வாசித்த தலைமுறைகளை எண்ணும்போது, குறை பாட்டினது மட்டுமன்று, வாசிப்பினதுமாகும் என்றே கூறத் தோன்றுகின்றது. பெண்பாற் புலவராகக் கருதப்படும் அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகைப் பாட்டு (32) இங்கு விலக்காக நிற்கின்றது. பேசுபவன் ஆடவனே. ஆனால், மடலோடு தெருவில் தோன்றுவது பழி என்ற உணர்வு அவனைத் தடுக்கின்றது.

பனையும் எருக்கும் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அந்நியமானவையல்ல; நெய்தல் அங்கு நூலில் மட்டும் உள்ள நிலமுமன்று. எனினும் அங்குள்ள சமூக அமைப்பு வேறு. குடி தாய்வழியில் எண்ணப்படும். வீடும் வளவும் மகளுக்குச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபுகுவான். இங்கு நிலவிய முக்குவர் வழக்கங்களைக் கிறிஸ்தோப்பர் பிரிற்றோ 1876 இல் நூலாக்கினார்; மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பிற்காலத்தில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்தார். வடக்கிலிருந்து வந்து மணஞ்செய்தவனின் உழைப்பும் வருவாயும் மனைவியின் வளவிலேயே தங்கின. பாய் ஒட்டிக்கொண்டதன் பொருளாதாரம் இதுதான். இழப்பை எதிர்கொண்ட குடும்பம் மகனின் விருப்பத்தை மந்திரமென்றது; பழி பெண்மீது சென்றது. மடலிலும் வசியத்திலும் ஆடவனே பித்துக்கொள்கின்றான். மடலில் அதற்கு விலையாவதும், வசியத்தில் அதற்குக் குற்றவாளியாவதும் பெண்தான்.

இவ்விரண்டுக்கும் இடையில் வைத்துப் பார்க்கத்தக்கவை மட்டக்களப்பின் நாட்டார் கவிகள். வித்துவான் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இவ்வகைப் பாடல்களுக்கு உரிய இடமளித்தது. பெரும்பாலும் நான்கடிகள், தமிழரும் முஸ்லிம்களும் வயற்காவலிலும் வேலைக்களத்திலும் பாடியவை. மச்சான் இரவில் வர விரும்புகின்றான், தன் வேட்கையை முறையிடுகின்றான். துரத்தும் காதலின் மூலப்பொருள் யாவும் இங்கும் உள்ளன. வேறுபாடு, கவிக்கு மறுகவி உண்டு என்பதே. பெண்கூற்றாக அமைந்த கவியில் ஏற்பும் வரலாம், ஏளனமும் வரலாம், மறுப்பும் வரலாம். அவற்றுட் சிலவற்றை ஆடவரே கட்டியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. அவ்வாறாயினும், கேட்போர் பெண்ணின் சொல்லை எதிர்பார்த்திருந்தனர் என்பது வடிவத்திலேயே பதிந்துள்ளது. வீடு அவளுடையதாகவும் வாசலைத் திறக்கும் உரிமை அவள் தாயினதாகவும் இருந்த சமூகத்தில் இவ்வெதிர்பார்ப்பு தோன்றியதில் வியப்பில்லை. இதைக்கொண்டு தாய்வழிக் குடியைப் பெண்விடுதலையென்று கொண்டாடுவோரோடு நாம் உடன்படவில்லை. கோயில் நிர்வாகமும் குடித்தலைமையும் ஆடவர் கையிலேயே இருந்தன.

பெண்ணைப் பின்தொடர்தல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது 2013 இலேதான். இலங்கைத் தண்டனைக் கோவை 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி பாலியற் தொல்லையைக் குற்றமாக்கியது. மறுபுறம், பின்தொடர்ந்து கண்காணிப்பவனையே நாயகனாக்கும் குறுங்கதைகள் இன்று கைபேசியில் வாசிக்கப்படுகின்றன. வாசிப்போரிலும் எழுதுவோரிலும் பெண்கள் பலர். அவர்களை அறியாமையுடையோரென்று கடிந்துரைப்பது, வசியக் கதையின் மறுபதிப்பேயாகும். பழி மீண்டும் பெண்மீதே விழுகின்றது. கதையின் அச்சத்தை வாசகி தானே தெரிந்தெடுக்கின்றாள், வேண்டாதபோது நிறுத்துகின்றாள். தெருவில் மடலேறியவன் முன் நின்றவளுக்கு அவ்வசதி இருக்கவில்லை. ஆகவே இக்கதைகளிடம் நாம் கேட்கவேண்டியது வேறு. நாயகி மறுத்தபின் கதை அம்மறுப்பை என்ன செய்கின்றது? நாணமென்று திரித்துக்கொள்கின்றதா, அல்லது வாவிக்கரைக் கவியைப்போல் மறுகவியாக நிற்கவிடுகின்றதா?