ஊவா மலைநாட்டில் கித்தானும் சாயமும்

மடித்துச் சுமந்து சென்று, வேண்டிய இடத்தில் விரித்து உறையும் மனை ஊவா நாட்டிற்குப் புதியதன்று. கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற இராபர்ட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூலில், தாளிப்பனை ஓலையின் பயனை வியந்து எழுதியுள்ளார். விசிறிபோல் மடியும் அவ்வோலையைப் போர்வீரர் வழிநடையில் தலைக்கு மேற்பிடித்து மழையைத் தடுத்தனர். இரவில் அதனையே கூடாரமாக்கி அதன்கீழ்த் துயின்றனர். ஊவாவும் அந்நாளில் கண்டி அரசுக்கு உட்பட்டதே. இன்று சில்லுகளின்மேல் மடங்கி ஓடும் கூடார வண்டிக்கு இவ்வோலையை மூதாதை என்று கூறினும் பொருந்தும்.

ஓலை கெட்டால் வேறோர் ஓலையை வெட்டிக்கொள்ளலாம். கடல் கடந்து வந்த கித்தானை அவ்வாறு எறிந்துவிட இயலாது. வெளுத்த கித்தானுக்கு மீண்டும் நிறமூட்டும் கலை தோன்றிய காரணம் இதுவே.

பிரித்தானியர் 1800ஆம் ஆண்டில் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். காடு அளக்கச் சென்ற அளவையாளருக்குக் கூடாரமே வீடாயிற்று. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், கிழக்கே சரியும் புல்வெளி நாட்டிற் கூடாரமடித்து வேட்டையாடிய செய்திகளை 1854இல் நூலாக்கினார். புகையிரதம் பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன், வண்டி செல்லாத மலைவழிகளில் இத்தகைய சுமைகள் மனிதர் தோளிலேயே ஏறின. சுமந்தவனுக்குக் கித்தானின் பாரம் தெரியும். மழையில் நனைந்த கித்தானின் பாரம் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஊவாவின் காலநிலை கித்தானுக்கு இருமுனைப் பகை. ஆடி, ஆவணி மாதங்களில் மேற்குமலைகளைக் கடந்து இறங்கும் காற்று ஈரமிழந்து, உலர்ந்து வீசுகின்றது. தேயிலைக்குத் தனி மணம் தந்து ஊவாவை உலகறியச் செய்த காற்று இதுவே. அப்பொழுது காயும் வெயில் கித்தானின் நிறத்தை உண்கிறது. உயரம் 1000 மீற்றர் மிகுமிடத்துப் புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழப் பத்து விழுக்காடு மிகும். அப்புத்தளையும் பண்டாரவளையும் அவ்வளவிற்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. பின்னர் ஐப்பசி தொடங்கி மழை வருகின்றது. நனைந்த துணியை மடித்துவைத்தால் மடிப்புகளிற் பூஞ்சணம் பூக்கிறது. வெயில் வெளுக்கச் செய்ததை மழை இற்றுப்போகச் செய்கிறது.

ஆதலின், நிறம் மங்குதல் கண்ணுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. சாயத்தை அழிக்கும் அதே ஒளி பருத்தி நாரையும் அறுக்கின்றது. வெளுப்பு என்பது துணி நமக்கு முன்கூட்டி விடுக்கும் எச்சரிக்கை.

இவ்வுண்மையைக் கடலோர மக்கள் நெடுங்காலம் அறிந்திருந்தனர். நம் மீனவர் பனிச்சங்காயின் சாற்றில் வலையைத் தோய்த்து உரமேற்றினர். அக்காயின் துவர்ப்பே நாரைக் காத்தது. இங்கிலாந்து மீனவர் ஓக் மரப்பட்டையைக் காய்ச்சிப் பாய்க்குப் பூசினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து கப்பலேறிய காசுக்கட்டியைக் கைக்கொண்டனர். வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியே அவர்தம் பாய்களைச் செந்நிறமாக்கியது! அழகு கருதி அவர்கள் அதனைச் செய்யவில்லை. பாய் இற்றுப்போனால் பிழைப்பும் போய்விடும் என்பதை உணர்ந்தே மீண்டும் மீண்டும் சாயமிட்டனர்.

இராணுவத்தின் தேவை வேறொரு வழியைத் திறந்தது. காக்கி என்பது தூசி நிறத்தைக் குறிக்கும் சொல். தொடக்கக் காலக் காக்கித் துணி சலவையில் வெளுத்தது. எளிதில் மங்காத காக்கிச் சாயத்திற்கு 1884இல் பிரெடரிக் கற்றி என்பார் உரிமை பெற்றார். வில்சுடன் கித்தான் என்று பெயர்பெற்ற துணியோ செம்புக் கரைசலில் தோய்ந்து பசுமை நிறம் கொண்டது. அப்பசுமை பூஞ்சணத்திற்கு நஞ்சு. தோட்ட மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபொழுது, கொழுந்தைக் காக்கத் தெளித்ததும் செம்பு சேர்ந்த மருந்தே. இலையைத் தின்னும் பூஞ்சணத்திற்கும் துணியைத் தின்னும் பூஞ்சணத்திற்கும் ஒரே பகைவன்.

பழைய மடிப்புக் கூடாரத்திற்கு நிறமூட்ட விழைவோர் முதலில் துணியின் வலிமையைச் சோதித்தல் வேண்டும். மடிப்போரத்தை இரு கைகளாற் பற்றி இழுக்குமிடத்துக் கிழியுமாயின், அதற்குச் சாயம் பயன்படாது, ஒட்டுப்போடுதலே தகும். வலிமையுளதாயின், தூசியைத் தட்டி, சவர்க்காரமின்றித் தண்ணீராற் கழுவி உலர்த்துக. சட்டத்தோடு தைத்த துணியைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்ச இயலாதாகையால், காசுக்கட்டிக் கரைசலைத் தூரிகையாற் பலமுறை பூசுக. பின்னர் நீர்த்த மயில்துத்தக் கரைசலைப் பூசினால் நிறம் நிலைபெறும். மயில்துத்தம் நஞ்சாதலின் கையுறை இன்றியமையாதது. அலசி, முற்றும் உலர்த்தி, இறுதியில் மெழுகேற்றுக. பழைய பச்சை மீளாது. கபில நிறமே வாய்க்கும். இதற்கு மாறாகக் கெட்டி வர்ணம் பூசுவோர் குறையை மறைக்கின்றனரேயன்றித் தீர்ப்பதில்லை. வர்ணம் மேலே படிகின்றது, மடிக்குந்தோறும் வெடிக்கின்றது. சாயம் நாரினுள்ளே புகுகின்றது.

இம்முறை பருத்திக்கே உரியது என்பதை நேயர்கள் மனங்கொள்ளுதல் நன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரச்செடியும் வாதும் உடலிற் படாமல் இடையிற் கட்டும் படங்கும், இடருற்ற குடும்பங்களுக்கு அவசரக் கூரையாகும் விரிப்பும் இக்காலத்திற் பெரும்பாலும் பிளாத்திக்கு ஆகிவிட்டன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் புதையுண்டபின், உயிர் தப்பியோர் பாடசாலைகளில் அடைக்கலம் புகுந்தனர். நிலையான வீடு கிட்டும்வரை தற்காலிகக் கூரையை நம்பி வாழ்தல் எத்துணை நெடிது என்பதை மலைநாட்டார் அறிவர். வெயிலில் வெளுத்து நொறுங்கும் பிளாத்திக்கு விரிப்புக்கு உயிரூட்டக் காசுக்கட்டியும் இல்லை, பனிச்சங்காயும் இல்லை. அதன் நிறம் மங்கத் தொடங்கும் நாளிலேயே மாற்று விரிப்பும், அதனினும் மேலாக உறுதியான கூரையும் அக்குடும்பத்தின் வாயிலுக்கு வந்து சேர்தல் வேண்டும்.