ரங்கூன் பாஸ்புக்

அடுத்த மாசம் சிங்கப்பூரில் வேலை. ஒரு வாரமா பேங்க் படியேறி இறங்கியே செருப்பு தேயுது மக்களே! வெளிநாட்டு வேலைக்குப் போறவங்க, 1999-ல் வந்த ஃபெமா சட்டப்படி, இங்கே இருக்கிற சேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும். அங்கே சம்பாதிச்சு அனுப்பற பணத்துக்குத் தனியா என்.ஆர்.இ. கணக்கு. ஃபாரம் நிரப்பி நிரப்பிப் புலம்பிக்கிட்டிருந்தேன். பாட்டி ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"அந்த ஊர் பேங்க்ல போட்ட பணம் திரும்பி வருமாய்யா?"

சிரிச்சேன். அப்புறம்தான் தாத்தா ஞாபகம் வந்தார்.

நம்ம வங்கி கடல் தாண்டினது புதுசில்லை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊரிலும் ஒரே நாளில் திறந்தது. பர்மாவில் அவ்வளவு தமிழர் காசு புழங்கிச்சு.

1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. 1963-ல் வங்கிகள் எல்லாம் அரசுடைமை. 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிப்பு. ரங்கூனில் கடைக் கணக்குப்பிள்ளையா இருந்த தாத்தா அந்த வருஷம் கப்பல் ஏறினார். பாஸ்புக் கூட வந்துச்சு, பணம் வரலை. அது இன்னும் எங்க டிரங்குப் பெட்டியில் கிடக்கு.

சிங்கப்பூரில் ஒரு வங்கி நொடிச்சா, 2024 ஏப்ரலில் இருந்து 1,00,000 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டுன்னு பாட்டிக்கு விளக்கினேன்.

"பேங்க் முழுகினா சரி. கவர்மெண்டே எடுத்துக்கிட்டா?"

என்கிட்ட பதில் இல்லை. மாசாமாசம் கொஞ்சம் ஊருக்கு அனுப்பிடறதா முடிவு பண்ணியிருக்கேன்.