பத்து டாலரும் பதினேழு நாளும்



எதிரணித் தலைவர் பிசிராந்தையாரைத் துணைக்குக் கூப்பிட்டார். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அந்தப் புலவர் சொன்ன யானைக் கணக்கு. யானை தானா வயல்ல புகுந்தா, தின்னுறதைவிட மிதிச்சுக் கெடுக்கிறதுதான் அதிகம். வாஸ்தவம் ஐயா! ஆனா யானைக்குச் சோறே போடாதேன்னு புலவர் எங்கே சொன்னார்? நெல்லை அறுத்து, அளந்து, கவளமாக் குடுன்னுதானே சொன்னார்! (கைதட்டல்) பட்டினி போட்ட யானை யாருக்குச் சுமை இழுக்கும்? அந்தக் கதையைத்தான் நான் சொல்ல வந்திருக்கேன்.

"எந்த ஊர்லயாவது ஜனங்களே வந்து வரியைக் கூட்டுன்னு கேட்பாங்களா?"ன்னு நண்பர் கேட்டார். கேட்டிருக்காங்க. வாங்க, அமெரிக்கா போகலாம். டிக்கெட் நான் எடுக்கிறேன், விசா நீங்க வாங்கிக்குங்க. (சிரிப்பு) ஏன் அமெரிக்கா? அங்கே சில மாநிலங்கள்ல வரிச் சட்டத்து மேலேயே மக்கள் நேரா ஓட்டுப் போடலாம். வரி வேணுமா வேண்டாமான்னு ஜனங்க வாயாலேயே தெரிஞ்சுக்கணும்னா அங்கேதான் போகணும்.

மேற்குக் கரையில் ஓரிகன் என்று ஒரு மாநிலம். அங்கே விற்பனை வரியே கிடையாது. கொண்டுவரலாமான்னு ஒன்பது தடவை மக்களைக் கேட்டாங்க. ஒன்பது தடவையும் முடியாதுன்னுட்டாங்க. அப்பேர்ப்பட்ட ஊர்! மாநிலத்தின் வருமானம் ஒரு முக்காலி மாதிரி. சொத்து வரி ஒரு கால், விற்பனை வரி ஒரு கால், வருமான வரி ஒரு கால். ஓரிகனில் விற்பனை வரிக் கால் பிறவியிலேயே இல்லை. 1990-இல் இன்னொரு வாக்கெடுப்பு. வீடு, நிலத்து மேல போடுற சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினாங்க. அந்தக் காலும் பாதி அறுந்தது. அதுவரை உள்ளூர்ச் சொத்து வரியில் நடந்த பள்ளிக்கூடங்களின் பாரம் மாநில அரசின் தலையில் விழுந்தது. மிச்சம் இருந்தது வருமான வரி என்ற ஒற்றைக் கால். ஒற்றைக் கால்ல நிக்கிற முக்காலியில யாரு உட்காருவா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை உட்கார வச்சாங்க!

2001-க்குப் பிறகு தொழில் மந்தமாச்சு. வேலை போச்சு, வருமானம் போச்சு, வருமான வரியும் போச்சு. மூன்று வருஷத்துக்கு மட்டும் வருமான வரியைக் கொஞ்சம் கூட்டலாமான்னு 2003 ஜனவரி 28-ஆம் தேதி மக்களைக் கேட்டாங்க. மக்கள் "வேண்டாம்" என்றார்கள். இதுவரைக்கும் எதிரணிக்குத்தான் வெற்றி, ஒத்துக்கிறேன்.

ஆனா வரலாறு அன்னைக்கு ராத்திரியோட முடியலையே! மார்ச் முதல் ஜூன் வரை நீதிமன்றங்களுக்கு வெள்ளிக்கிழமை பூட்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வாதாடும் வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. அதனால் பல சின்ன வழக்குகள் தள்ளிப்போயின. ஏழை நோயாளிகள் பல பேருக்கு மருந்துச் செலவுக்கு அரசு கொடுத்த உதவி நின்றது. போர்ட்லண்ட் நகரத்து ஆசிரியர்கள், பள்ளிகள் பாதியில் மூடிவிடக் கூடாதே என்று பத்து நாள் சம்பளம் இல்லாமல் பாடம் நடத்த ஒப்புக்கொண்டார்கள். ஹில்ஸ்பரோ என்ற ஊரில் அதுக்கும் வழியில்லை. பள்ளி ஆண்டு 17 நாள் முன்னாடியே முடிந்தது.

லீவு விட்டா பிள்ளைங்களுக்குச் சந்தோஷம்தானேன்னு நினைப்பீங்க. ஐயா, மழைக்கு விடுற லீவு வேற, காசில்லாம விடுற லீவு வேற! (கைதட்டல்) வேலைக்குப் போற தாய் அந்த 17 நாள் பிள்ளையை எங்கே விடுவா? வரியில மிச்சம் பிடிச்ச காசு, பிள்ளையைப் பார்த்துக்கிற ஆளுக்குச் சம்பளமாப் போச்சுன்னா அது மிச்சமா?

இங்கே நண்பர் குறுக்கே ஒரு பழமொழியை வீசினார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பணக்காரன் மேல வரி போடுன்னு யாரும் சொல்லலாம், தன் பையில கை வைப்பானா?" என்றார். நல்ல கேள்வி. வரலாறு பதில் சொல்லுது. போர்ட்லண்ட் நகரம் மல்ட்னோமா என்ற மாவட்டத்தில் இருக்கிறது. மாநிலம் "வேண்டாம்" என்று சொன்ன நாலே மாதத்தில், 2003 மே மாதம், அந்த மாவட்டத்து மக்கள் தனியாக ஒரு ஓட்டுப் போட்டார்கள். எங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றே கால், மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தை நடத்துங்கள், முதியோர் உதவியையும் மருத்துவ உதவியையும் காப்பாற்றுங்கள் என்றார்கள். அது ஊரான் வீட்டு நெய்யா? சொந்த வீட்டு நெய் ஐயா! (பலத்த கைதட்டல்)

மாநிலம் முழுக்க அப்படி மாறிடுச்சான்னா, இல்லை. 2004 பிப்ரவரியில் மறுபடி கேட்டாங்க. முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில் தோத்தது. நான் மறைக்க மாட்டேன்.

அப்புறம் வந்தது 2008-இன் பெரும் பொருளாதாரச் சரிவு. 2009-இல் ஓரிகன் சட்டமன்றம் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு, அந்த மேல் வருமானத்துக்குக் கூடுதல் வரி. இரண்டாவது, கம்பெனிகளுக்கு. கம்பெனி வரின்னா பெரிசா இருக்கும்னு நினைக்காதீங்க. லாபமே இல்லைன்னு கணக்குக் காட்டுற கம்பெனி கட்ட வேண்டிய குறைந்தபட்ச வரி எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்குப் பத்து டாலர்! 1931-இல் வச்ச கணக்கு. எழுபத்தெட்டு வருஷமா அதே பத்து. பாட்டி காலத்துல காய்கறிக்குக் குடுத்த காசையே இன்னைக்கும் நீட்டினா கடைக்காரர் விடுவாரா? (சிரிப்பு) அதை 150 டாலராகவும், பெரிய கம்பெனிக்கு விற்பனைக்குத் தக்கபடி இன்னும் அதிகமாகவும் ஆக்கினார்கள்.

எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி, "மக்கள் ஓட்டுக்கு விடு" என்றார்கள். நைக்கி ஷூ கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட் பத்திரிகையில் கட்டுரையே எழுதி எதிர்த்தார். அவர்கள் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேலையில்லாதவர் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கும்போது வரி போட்டால் இருக்கிற வேலையும் போகாதா என்று கேட்டார்கள். மறுபக்கம், ஏறக்குறைய 72 கோடி டாலர் வருமானம். போனா எது போகும்? பள்ளிக்கூடம், முதியோர் கவனிப்பு, காவல்.

இந்தப் பக்கம் நின்றவர்கள் யார்? ஆசிரியர், நர்ஸ், பிள்ளையைப் பெத்தவங்க, ஓய்வு பெற்ற பெரியவங்க. வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். "வரி" என்று பேசவில்லை. "உங்க தெருவுப் பள்ளிக்கூடம், உங்க அம்மாவைப் பார்த்துக்க வர்ற பொண்ணு" என்று பேசினார்கள். ஓரிகனில் ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். யோசித்து, வீட்டில் எல்லாரும் கலந்து பேசி, நிதானமாகப் போடலாம். அந்த 17 நாளை நேரில் பார்த்த பெற்றோர் எத்தனை பேர் பேனாவை எடுத்திருப்பாங்க!

2010 ஜனவரி 26. இரண்டு சட்டமும் நின்றன. நூற்றுக்குச் சுமார் 54 பேர் "சரி" என்றார்கள். வரி என்றாலே ஓடுகிற ஊர் என்று பேர் வாங்கிய ஓரிகன்!

அதே வருஷம் ஏப்ரல் மாதம், இல்லினாய்ஸ் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் சுமார் 15,000 பேர் கூடி, "எங்கள் வரியைக் கூட்டு!" என்று கோஷம் போட்டார்கள். அடுத்த ஜனவரியில் அங்கே வருமான வரி நூற்றுக்கு 3-இலிருந்து 5 ஆனது. 2022-இல் மாசசூசெட்ஸ் மக்கள், பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்குக் கூடுதலாக 4 சதவீதம் வரி போட ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் என்று ஓட்டுச் சீட்டிலேயே எழுதியிருந்தது. அடுத்த ஆண்டே அங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு நிரந்தரமானது. சத்துணவுன்னா என்னன்னு நமக்கா சொல்லிக் கொடுக்கணும்?

எல்லா இடத்திலும் ஜெயித்ததா? இல்லை. 2010 நவம்பரில் பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில் பணக்காரர் மேல வருமான வரி போடும் திட்டத்தை மக்கள் தோற்கடித்தார்கள். மக்கள் கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்ட மாட்டாங்க. காசு எங்கே போகுதுன்னு கேப்பாங்க. கேக்கட்டும்! கணக்குக் காட்டுறவனுக்குத்தான் கொடுப்பாங்க.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கிறேன். நடுவர் அவர்களே, "வரியைக் கூட்டலாமா"ன்னு மட்டும் கேட்டா, நானே "வேண்டாம்"னுதான் சொல்வேன். "பள்ளிக்கூடத்தைப் பூட்டலாமா"ன்னு சேர்த்துக் கேளுங்க, அப்ப பதில் மாறும். ஓரிகன் மக்கள் முதல் கேள்விக்கு 2003-இல் பதில் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து 2010-இல் பதில் சொன்னார்கள். நடுவில் அவர்களுக்குப் பாடம் நடத்தியது பூட்டிக் கிடந்த அந்தப் பள்ளிக்கூடம். அந்தப் பாடத்தை நாம பூட்டுப் போடாமலே படிச்சுக்கலாம்னு சொல்லி, நல்ல தீர்ப்பு வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)